மின் கிற்றாரும் தாங்கற் சுற்றும்

வீணை தன் ஒலியைத் தன் குடத்திலேயே பிறப்பிக்கின்றது. புல்லாங்குழல் ஊதுவோன் வாயருகே ஒலிக்கின்றது. மின் கிற்றாரின் நிலை வேறு. அதன் தந்தி அதிரும் இடம் ஒன்று. அவ்வதிர்வு ஒலியாக வெளிப்படும் இடம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே வடங்களும், ஒலியின் தன்மையை மாற்றும் பெடல்களும் உள. இவ்வழியில் ஒலிக்கு நேரும் இழப்பு யாது, அதனைத் தடுக்கும் தாங்கற் சுற்று எத்தகையது என்பன இசை பயில்வோரும் பௌதிகம் பயில்வோரும் ஒருங்கே அறியத்தக்கன.

இலங்கையில் மின் கிற்றார் வேரூன்றியது 1960களிலாகும். சிங்கள மெல்லிசையில் அதனைப் பரவச் செய்தவர்களுள் முதன்மையாகக் கூறப்படுபவர் கிளாரன்ஸ் விஜேவர்தன. தமிழிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வளர்த்த பொப்பிசை கிற்றாரின் துணைகொண்டே இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தது. கருநாடக இசையில் மண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மண்டலினைக் கையாண்டு, சாதாரண மண்டலினில் விரைந்து மறையும் நாதத்தை நீடிக்கச் செய்து, கமகங்களை இனிது இசைத்துக் காட்டினார். ஆகவே மின்னால் இயங்கும் தந்திக் கருவி நம்மவர்க்குப் புறம்பான பொருளன்று.

இன்று குண்டசாலையிலும் கண்டி நகரிலும் விழா மேடைகளில் கிற்றார் வாசிக்கும் இளைஞர் பலர். வீட்டில் வெண்கல மணிபோல் ஒலித்த கருவி மேடையில் போர்வைக்குள் பேசுவாரின் குரல்போல் மங்கிவிடுவதுண்டு. அப்பொழுது கருவியைப் பழிப்பாரும், பெற்றோர் பொருளைச் செலவிட்டுப் புதியதொன்றை வாங்க முற்படுவாரும் உளர். குற்றமோ பெரும்பாலும் கருவியிலில்லை. அது வடத்திலுள்ளது.

கிற்றாரின் தந்திகளுக்குக் கீழே பிக்கப் எனும் உறுப்பு அமைந்துள்ளது. காந்தத்தைச் சூழ மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுக்களாகச் சுற்றியமைத்த சுருளே அது. உருக்குத் தந்தி அதிரக் காந்தப் பாயம் மாறுகின்றது. சுருளில் நலிந்த மின்னோட்டம் தோன்றுகின்றது. சுற்றுக்கள் மிகுந்திருப்பதால் இச்சுருளின் தூண்டுதிறனும் மிகுதியாகும். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றில் அது 2.5 ஹென்றி அளவினதாகலாம்.

இனி வடத்தை நோக்குக. நடுவே ஒரு கம்பி, அதனைச் சூழக் காவலி, அதற்கு வெளியே வலைக்கம்பி என்பதே அதன் அமைப்பு. இரு கடத்திகளுக்கிடையே காவலி அமைந்தால் அது கொள்ளளவியாகும் என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. எனவே வடம் முழுவதுமே நீண்டதொரு கொள்ளளவி. மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 பிக்கோபரட்டு எனக் கொள்ளலாம். தூண்டுதிறனும் கொள்ளளவமும் ஒன்றுசேருமிடத்துப் பரிவு தோன்றும். அப்பரிவு மீடிறனை அண்டிய ஒலிகள் ஓங்கும். அதற்கு மேற்பட்டவை விரைந்து நலியும்.

கணக்கிட்டால் இதன் விளைவு தெளிவாகும். பிக்கப்பின் சொந்தக் கொள்ளளவம் 120 பிக்கோபரட்டு எனக் கொள்க. 3 மீற்றர் வடமாயின் பரிவு மீடிறன் ஏறத்தாழ 4,900 ஹேர்ட்ஸ்; 5 மீற்றராயின் 4,000; 10 மீற்றராயின் 3,000. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் எல்லை 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையாகும். வடம் நீள நீளத் தேய்வது அவ்வெல்லைக்குள் அடங்கிய ஒலியே. தந்தியின் அடிப்படைச் சுரம் கெடுவதில்லை. அச்சுரத்திற்குத் தெளிவும் பொலிவும் தரும் மேற்றொனிகளே கெடுகின்றன. சுருதி சரியாயிருந்தும் ஒலி மங்கித் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

வீட்டில் 3 மீற்றர் வடம் போதும். மேடையிலோ கிற்றாரிலிருந்து பெடல் பலகைக்கு 5 மீற்றர், பலகையிலிருந்து ஒலிபெருக்கிக்கு இன்னொரு 5 மீற்றர் என வழி நீள்கின்றது. பெடல்கள் யாவும் நிறுத்தப்பட்டிருப்பினும், அவை ஒலியை நேரே கடத்தும் ஆளியுடையனவாயின், பிக்கப்பின் தலையில் 10 மீற்றர்ச் சுமை முழுவதும் ஏறுகின்றது.

இச்சுமையைத் தான் ஏற்றுப் பிக்கப்பைக் காப்பதே தாங்கற் சுற்று. இரசாயனம் பயின்றோர் தாங்கற் கரைசலை அறிவர். அமிலம் சிறிது சேரினும் அது தன் நிலை மாறாது நிற்கும். பெயர்ப் பொருத்தம் இங்கும் உண்டு. பின்னே எத்தனை வடம் சேரினும் முன்னேயுள்ள பிக்கப் அதனை உணராதவாறு செய்வது இச்சுற்று.

இதன் செயலை விளக்க மகாவலியே உவமையாகும். குண்டசாலையைக் கடந்து செல்லும் அந்நதி 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தை அடைகின்றது. மலைச்சாரலில் சிறியதொரு பீலி இருப்பதாகவும், அதன் நீரைக்கொண்டே நெடுந்தொலைவிலுள்ள வயலுக்குப் பாய்ச்சவேண்டியிருப்பதாகவும் கொள்க. வாய்க்கால் வழியே நீர் சுவறிவிடும். காவலன் ஒருவன் பீலி நீரில் துளியும் எடாது அதன் ஏற்ற இறக்கத்தை மாத்திரம் பார்த்து, அதே அளவாகப் பெருநீர்த்தேக்கத்தின் மதகைத் திறந்து மூடுவானாயின், வயலுக்குச் செல்வது நீர்த்தேக்கத்தின் நீர். அதன் ஏற்ற இறக்கமோ பீலியினுடையது. தாங்கற் சுற்றே அக்காவலன். 9 வோல்ற்று மின்கலமே அந்நீர்த்தேக்கம்.

பௌதிக மொழியிற் கூறின், இச்சுற்றின் பெய்ப்புத் தடை மிகப் பெரிது. 10 இலட்சம் ஓம் அளவினது. பயப்புத் தடை மிகச் சிறிது. 1,000 ஓம் அல்லது அதனினும் குறைவு. அழுத்தப் பெருக்கமோ ஏறத்தாழ 1 மாத்திரமே. திரான்சிற்றரின் காலியிலிருந்து பயப்பைப் பெறும் சுற்றாலோ, செயற்பாட்டு விரியலாக்கியாலோ இதனை எளிதில் அமைக்கலாம். 1,000 ஓம் பயப்புத் தடையுடன் 10 மீற்றர் வடத்தின் 1,000 பிக்கோபரட்டு சேர்ந்தாலும் நலிவு தொடங்கும் மீடிறன் 159,000 ஹேர்ட்ஸ். செவியின் எல்லையாகிய 20,000 ஹேர்ட்ஸுக்கு அது மிக அப்பாற்பட்டது.

ஆயினும் இரு உண்மைகளை மறத்தலாகாது. முதலாவது, தாங்கற் சுற்று இழந்ததை மீட்பதில்லை. இனி இழக்கவிருப்பதையே காக்கின்றது. பலகையின் தொடக்கத்தில் அதனை வைத்தால் முன்னேயுள்ள 5 மீற்றரின் விளைவு அவ்வாறே நிற்கும். பின்னேயுள்ள 5 மீற்றரின் விளைவே நீங்கும். பரிவு 3,000இல் நில்லாது 4,000 ஹேர்ட்ஸுக்கு உயரும். பலகையின் இறுதியில் வைப்பின் முன்னுள்ள பெடல்களின் இணைப்பு வடங்களும் சுமையாகவே எஞ்சும்.

இரண்டாவது, இதற்குப் பொருந்தாத பெடல்களும் உள. 1966இல் இங்கிலாந்தில் வெளிவந்து ஜிமி ஹென்றிக்ஸின் கையிற் புகழ்பெற்ற பஸ் பேஸ் என்பது அவற்றுள் ஒன்று. அதன் பெய்ப்புத் தடை மிகச் சிறிது. அது பிக்கப்புடன் நேரே இணைந்து, ஒன்றையொன்று பாதித்தே தன் இயல்பான கரகரப்பைப் பெறுகின்றது. கிற்றாரின் ஒலிக்குமிழைச் சிறிது தணித்தால் அக்கரகரப்புத் தெளிவதும் இவ்விணைப்பினாலேயே. இடையே தாங்கற் சுற்றை நுழைத்தால் அவ்வுறவு அறும், ஒலி கீச்சிடும், குமிழுக்கும் முன்போல் இணங்காது. ஆதலின் இத்தகைய பெடலை முன்னும் தாங்கற் சுற்றைப் பின்னும் வைத்தலே முறை.

வீணைக்கு ஒட்டும் பீசோ பிக்கப்பிலே இவ்விதி தலைகீழாகும். சுருளில்லாத அப்பிக்கப் தானே ஒரு கொள்ளளவி. அதன் அளவு 1,000 பிக்கோபரட்டு எனக்கொண்டு, 10,000 ஓம் பெய்ப்புடைய மிக்ஸரில் நேரே இணைத்தால், 15,900 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டன யாவும் நலியும். அனுமந்தரத் தந்தியின் கம்பீரம் அழிந்து தகரவொலியே எஞ்சும். 1 கோடி ஓம் பெய்ப்புடைய தாங்கற் சுற்றை இடையிட்டால் அவ்வெல்லை 16 ஹேர்ட்ஸுக்குத் தாழ்ந்து, வீணையின் நாதம் முழுமையாக வெளிப்படும். கிற்றார் இழப்பது உச்சவொலி, வீணை இழப்பது மந்தரவொலி, மருந்து ஒன்றே.

இவற்றை ஆராயப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கிற்றாரைக் குறுகிய வடத்தால் ஒலிபெருக்கியுடன் நேரே இணைத்து ஒருமுறை கேட்க. பின்னர்ப் பெடல்கள் யாவற்றையும் நிறுத்தி, பலகையின் வழியே அதே இசையை மீண்டும் கேட்க. வேறுபாடு புலப்படாதாயின் யாதும் வாங்கவேண்டியதில்லை. புலப்படின், பலகையிலுள்ள பெடல்களுள் ஏதேனும் ஒன்றில் தாங்கற் சுற்று உண்டோ என முதலில் நோக்குக. போஸ் நிறுவனம் 1977 முதல் வெளியிட்டுவரும் சிறு பெடல்களில் அது பொதுவாக அடங்கியிருக்கும். அவ்வொரு பெடலை உரிய இடத்திற்கு மாற்றுவதே போதுமாகலாம். தேவைக்கு மேற்பட்ட தாங்கற் சுற்றுக்களால் இரைச்சலே மிகும்.

மங்கிய ஒலியையே விரும்பி நீண்ட வடத்தை வைத்துக்கொள்ளும் கலைஞரும் உளர். அது அவர்தம் சுவை. ஆனால் தெரிந்து கொள்வது வேறு. தெரியாமல் இழப்பது வேறு. புதிய கிற்றாருக்குப் பொருள் தேடுமுன் பழைய கிற்றாரின் ஒலி எவ்விடத்தில் குறைகின்றது என ஆராய்பவன் தன் பொருளையும் காப்பான். தன் செவியையும் கூர்மையாக்கிக்கொள்வான்.