நெருப்புக் குதிரையும் பிறக்காத பேரப்பிள்ளைகளும்

1965-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18 லட்சத்து 24 ஆயிரம். 1967-ல் 19 லட்சத்து 36 ஆயிரம். நடுவிலிருந்த 1966-ல் மட்டும் 13 லட்சத்து 61 ஆயிரம். ஒரே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு குறைந்து, மறு வருஷமே பழையபடி ஏறிவிட்டது. அந்த ஆண்டில் போர் இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து இரண்டு வருஷம்; கேட்டவனுக்கெல்லாம் வேலை கிடைத்த காலம்; வீட்டுக்கு வீடு டிவியும் வாஷிங் மெஷினும் வந்திறங்கிக்கொண்டிருந்தன. பிள்ளை பெறுவதைத் தடுத்தது பஞ்சாங்கம்.

நமக்கிருப்பதுபோல ஜப்பானியருக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. நாம் பிரபவ முதல் அட்சய வரை பெயர் சொல்கிறோம். அவர்கள் சீனத்திலிருந்து வந்த முறைப்படி பன்னிரண்டு விலங்குகளோடு ஐந்து பூதங்களைக் கோத்து ஆண்டுகளை எண்ணுகிறார்கள். நாம் மணிவிழா நடத்தும் அறுபது வயதில் அவர்களும் விழா எடுக்கிறார்கள். பிறந்த ஆண்டே திரும்பி வந்துவிட்டதால் அந்தப் பெரியவர் மறுபடி குழந்தையாம், அதனால் கையில்லாத சிவப்புச் சட்டை மாட்டிவிடுகிறார்கள். அந்த அறுபதில் 43-ஆவது ஆண்டு ஹினோஎ உமா, நெருப்புக் குதிரை. அதில் பிறக்கும் பெண் அடங்காதவள், புருஷனின் ஆயுளைக் குறைத்துவிடுவாள் என்பது நம்பிக்கை. பதினேழாம் நூற்றாண்டில் எடோ நகரத்துக் காய்கறிக் கடைக்காரரின் மகள் ஓஷிச்சி, காதலனைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தீ வைத்து மரண தண்டனை பெற்றாள். அவள் 1666-ஆம் குதிரை ஆண்டில் பிறந்தவள் என்று கதைகளும் நாடகங்களும் ஊரெங்கும் பரப்பிவிட்டன. 1906-ல் பிறந்த பெண்கள் வரன் கிடைக்காமல் பட்ட பாடு பல குடும்பங்களுக்கு நினைவிருந்தது. மூல நட்சத்திரத்துப் பெண் என்றால் நாம் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவோம். ஜப்பானியர் அந்தப் பெண்ணைப் பிறக்கவே விடவில்லை.

கருத்தடை மாத்திரை அங்கே அப்போது கிடையாது. அதற்கு அனுமதி தர ஜப்பான் அரசு 1999 வரை இழுத்தடித்தது. அதே ஆண்டு வயாகராவுக்கு மாத்திரம் சில மாதங்களிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆக 1966-ன் சாதனை ஆணுறையாலும் கருக்கலைப்பாலும் நாட்கணக்குப் பார்த்தும் நடந்தது. தம்பதிகள் தீர்மானித்தால் ஒரு நாட்டின் பிறப்புக் கணக்கையே புரட்டிப்போட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தச் சுழற்சி முடிந்து வரும் அடுத்த குதிரை ஆண்டு 2026. இந்த முறை யார் பயப்படுவார்கள் என்பது சின்னக் கேள்வி. ஏனென்றால் எந்தக் குதிரையும் இல்லாத 2024-லேயே பிறந்தவர்கள் 6 லட்சத்து 86 ஆயிரம் பேர்தான். எல்லாரும் அஞ்சி ஒதுங்கிய 1966-ல் பிறந்தவர்களில் சரிபாதி. அதே 2024-ல் இறந்தவர்கள் சுமார் 16 லட்சம்.

குதிரை ஆண்டுக்கு இன்னொரு வேலையும் வாய்த்தது. அது அளவுகோலாகிவிட்டது. 1966-ல் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய பிள்ளைகளின் சராசரி 1.58 என்று கணக்கிட்டார்கள். 1989-ல் அது 1.57 ஆனது. மூடநம்பிக்கை தாழ்த்திய அளவைவிடக் கீழே, ஒரு நம்பிக்கையும் இல்லாமல் வந்துவிட்டோமே என்று 1990-ல் பத்திரிகைகள் அலறின. '1.57 அதிர்ச்சி' என்பது இன்றும் அங்கே பள்ளிக்கூடப் பாடம்வரை வரும் சொல். 2024-ல் அந்த எண் 1.15. டோக்கியோவில் ஒன்றுக்கும் கீழே.

ஒரு துணுக்கு: இளவரசி கிகோ 1966 செப்டம்பரில் பிறந்தவர். பேரரசர் குடும்பத்தில் 41 வருஷம் ஆண் குழந்தையே இல்லாமலிருந்து, 2006-ல் ஒரு ஆண் வாரிசு பிறந்தான் என்றால் அது இந்த நெருப்புக் குதிரைப் பெண்ணின் வயிற்றில்தான். அரியணைக்கு இன்று வரிசையில் இருப்பவர்கள் மூன்றே பேர். அரச குடும்பத்துப் பெண் வெளியே மணந்தால் பட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்ற சட்டம் இன்னும் இருக்கிறது.

ஜப்பான் சுருங்குவதைப் பற்றிப் பேசும்போது முதியவர்களின் படத்தைத்தான் எல்லாரும் போடுகிறார்கள். கதையைப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து படிக்க வேண்டும். போர் முடிந்து படைவீரர்கள் வீடு திரும்பியதும் 1947 முதல் 1949 வரை மூன்றே ஆண்டில் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. எழுத்தாளர் சகாயா தாயிச்சி 1976-ல் எழுதிய நாவலின் தலைப்பால் இவர்களுக்கு 'டங்காய்' தலைமுறை என்ற பெயர் நிலைத்தது. போர்க்காலத்தில் "பெறுங்கள், பெருக்குங்கள்" என்று முழங்கி, மக்கள்தொகையைப் பத்துக் கோடியாக்கத் திட்டம் தீட்டிய அதே அரசு, இத்தனை வாய்க்குச் சோறு எங்கே என்று இப்போது மிரண்டது. 1948-ல் கருக்கலைப்பை அனுமதித்து ஒரு சட்டம். மறு ஆண்டே திருத்தி, வறுமையையும் கருக்கலைப்புக்குக் காரணமாக ஏற்றார்கள். பத்தே ஆண்டுக்குள் பெண் ஒருவருக்கு 4.3 பிள்ளை என்பது 2 ஆனது. உலகில் எந்தப் பெரிய நாடும் அதுவரை இவ்வளவு வேகமாக இறங்கியதில்லை. அந்தச் சட்டத்தின் இருண்ட பக்கமும் உண்டு. ஊனமுற்றோர், மனநோயாளிகள் என்று சுமார் 25,000 பேருக்கு அதன் பெயரால் கருத்தடை அறுவை செய்தார்கள். பெரும்பாலானவர்களிடம் சம்மதம்கூடக் கேட்கவில்லை. அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 ஜூலை ஆனது.

குறைந்த பிறப்பு முதலில் லாபமாகத்தான் இருந்தது. உழைக்கும் கைகள் நிறைய, ஊட்ட வேண்டிய வாய்கள் கொஞ்சம். ஜப்பான் பொருளாதாரம் பறந்த இருபது வருஷத்துக்கு இதுவும் ஒரு எரிபொருள். டங்காய் தலைமுறை வளர்ந்து, மணந்து, 1971 முதல் 1974 வரை இரண்டாவது அலையாகப் பிள்ளை பெற்றது. 1973-ல் மட்டும் 20 லட்சத்து 90 ஆயிரம். அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி 2000-ஐ ஒட்டி மூன்றாவது அலை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. 2000-ல் பிறந்தவர்கள் 11 லட்சத்து 90 ஆயிரம், 2005-ல் 10 லட்சத்து 60 ஆயிரம். இன்றைய கணக்கெல்லாம் அந்த வராத அலையிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

ஏன் வரவில்லை? ஜப்பானியக் கம்பெனிகள் ஆளெடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். படிப்பு முடிகிற பிள்ளைகளைக் கூட்டமாகத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் முதல் தேதி ஒரே நாளில் சேர்த்துக்கொள்வார்கள். கறுப்பு கோட்டு சூட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புதியவர்களுக்குத் தலைவர் வரவேற்புரை ஆற்றுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஓய்வு பெறும்வரை கவலையில்லை. அந்த ஏப்ரலைத் தவறவிட்டவருக்கு அடுத்த ஏப்ரல் கிடையாது. அது அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு. பங்குச் சந்தையும் நிலத்தின் விலையும் 1990-களின் தொடக்கத்தில் சரிந்தபோது, பழைய ஊழியர்களை வெளியே அனுப்ப மனமில்லாத கம்பெனிகள் புதிய வாசலை மூடின. 1993 முதல் 2004 வரை படித்து வெளியே வந்தவர்களை 'வேலை உறைபனிக் காலத்துத் தலைமுறை' என்கிறார்கள். இரண்டாவது அலையில் பிறந்த அந்தப் பெரிய கூட்டம் நேராக அந்தப் பனியில்தான் போய் மாட்டியது. ஒப்பந்த வேலை, பகுதிநேர வேலை, ஏஜென்சி வேலை. நிரந்தரமில்லாத வேலையில் இருப்போர் 1990-ல் ஐந்தில் ஒருவர். முப்பது வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் இருவர்.

2019-ல் ஹ்யோகோ மாகாணத்தின் தகராசுகா நகராட்சி ஒரு விளம்பரம் கொடுத்தது. இந்தத் தலைமுறையினர் மட்டும் விண்ணப்பிக்கலாம், 36 முதல் 45 வயது வரை, மூன்று இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 1,800-க்கும் மேல். கடைசியில் நான்கு பேரை எடுத்தார்கள்.

வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் கல்யாணம் இருக்கிறது. ஜப்பானில் திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு இரண்டுதான். மேற்கு ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கல்யாணமானவர்கள் பிள்ளை பெறாமல் இல்லை. நீண்ட காலம் சேர்ந்து வாழும் தம்பதிகள் இன்னும் சராசரியாக இரண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்யாணமே நடக்கவில்லை. 50 வயதுவரை மணமாகாத ஆண்கள் 1980-ல் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு, 2020-ல் 28. பெண்களில் 18. முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்களில் நிரந்தர வேலைக்காரருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் விகிதம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

முன்பெல்லாம் பெண் பார்த்துக் கொடுக்க ஊர்ப் பெரியவர் இருந்தார். பிறகு ஆபீஸ் மேலதிகாரி அந்த வேலையைப் பார்த்தார். இப்போது இருவரும் இல்லை. 2024-ல் டோக்கியோ பெருநகர அரசே திருமணத் தரகு செயலி ஒன்றைத் தொடங்கியது. தான் மணமாகாதவர் என்பதற்குச் சான்றிதழும் வருமானக் கணக்கும் காட்டிச் சேர வேண்டும். பெண்களின் தயக்கமும் புரிந்துகொள்ள முடியாததல்ல. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் மனைவி ஒரு நாளில் வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் செலவிடுவது ஏழரை மணி நேரம், கணவர் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அரசாங்கமே 2021-ல் எடுத்த கணக்கு இது.

மறுமுனையில் ஆயுள் நீண்டுகொண்டே போகிறது. நூறு வயதை எட்டுபவருக்குப் பிரதமர் பெயரில் வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கும் வழக்கம் 1963-ல் தொடங்கியது. அப்போது நூறைத் தாண்டியவர்கள் நாடு முழுக்க 153 பேர். செலவு கட்டுப்படியாகாமல் 2009-ல் கிண்ணத்தைச் சிறிதாக்கினார்கள். 2016-ல் சுத்த வெள்ளியை விட்டு முலாம் பூசியதற்கு மாறினார்கள். 2025-ல் எண்ணிக்கை 99,763. சந்தையும் இதே கணக்கைப் போட்டுவிட்டது: ஓஜி நிறுவனம் ஜப்பானுக்குக் குழந்தை டயப்பர் செய்வதை நிறுத்தி, பெரியவர்களுக்கான டயப்பரில் கவனம் வைப்பதாக 2024-ல் அறிவித்தது.

ஊர்களுக்கு வருவோம். ஹொக்கைடோவின் யூபாரி நிலக்கரி ஊர். 1960-ல் அங்கே 1,17,000 பேர். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூட, கேளிக்கைப் பூங்காவும் திரைப்பட விழாவும் நடத்திக் கடனில் மூழ்கி, 2007-ல் நகராட்சியே திவாலானது. இன்று மக்கள் ஏழாயிரத்துக்கும் குறைவு, பாதிக்கு மேல் 65 தாண்டியவர்கள், ஊருக்கு ஒரே தொடக்கப்பள்ளி. எதிர்முனையில் ஒகயாமா மலையடிவாரத்து நகி. ஆறாயிரம் பேர்கூட இல்லாத இந்தச் சிற்றூர், பக்கத்து நகரோடு சேரமாட்டோம் என்று 2002-ல் வாக்கெடுப்பில் சொல்லிவிட்டு, தன் செலவைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குப் பணம் ஒதுக்கியது. உயர்நிலைப்பள்ளி முடியும்வரை இலவச வைத்தியம். பழைய பெட்ரோல் பங்க் ஒன்றில் 'வேலைக் கடை'. கைக்குழந்தையோடு வரும் தாய் இரண்டு மணி நேரம் பொட்டலம் கட்டியோ கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தோ சம்பாதித்துவிட்டுப் போகலாம். 2005-ல் 1.41 ஆக இருந்த நகியின் விகிதம் 2019-ல் 2.95. மந்திரிகள் படையெடுத்து வந்து பார்த்தார்கள். ஆனால் வருஷத்துக்குச் சில டஜன் குழந்தைகள் பிறக்கும் ஊரில் இந்த விகிதம் ஏறுவதும் இறங்குவதும் சுலபம். நகியின் மொத்த ஜனத்தொகையும் குறையத்தான் செய்கிறது.

வெளியாட்களை வைத்து ஈடுகட்டலாமே என்பார்கள். சத்தமில்லாமல் அதுதான் நடக்கிறது. 'இது குடியேற்றக் கொள்கை அல்ல' என்று பிரதமர்கள் அடித்துச் சொல்லச் சொல்ல, 2019-ல் புது விசா வந்தது. 2024 முடிவில் அங்கே வாழும் வெளிநாட்டவர் 37 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். டோக்கியோவில் நள்ளிரவில் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் பில் போடுவது நேபாளப் பையன், முதியோர் இல்லத்தில் பெரியவரைக் குளிப்பாட்டுவது வியட்நாமியப் பெண். 2070-ல் ஜனத்தொகை 8.7 கோடியாகும், அதில் பத்தில் ஒருவர் வெளிநாட்டவர் என்பது அரசு ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு. 2008-ல் உச்சத்தில் அது 12.8 கோடி. 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்று பிரசாரம் செய்த சன்செய்தோ கட்சி 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 14 இடங்களை வென்றதும் இதே கணக்கின் இன்னொரு வரிதான்.

பணமும் கொட்டுகிறார்கள். ஆண்டுக்கு 3.6 லட்சம் கோடி யென் குழந்தை நலத் திட்டம். அதில் ஒரு பகுதிக்கு 2026 ஏப்ரல் முதல் மருத்துவக் காப்பீட்டுத் தவணையோடு சேர்த்து எல்லாரிடமும் பிடித்தம். பிள்ளை உள்ளவருக்குப் போவது திரும்பி வரும், இல்லாதவருக்கு வராது. ஜனங்கள் உடனே 'ஒண்டிக்கட்டை வரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பணத்தில் பாதியையாவது 1998-லோ 2002-லோ வேலையில்லாத இருபத்தைந்து வயதுக்காரர்களுக்குச் செலவிட்டிருந்தால் என்ற எண்ணம் வராமல் இல்லை. இன்று பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள், பிறந்தபோதே எண்ணிக்கையில் குறைந்தவர்கள். அவர்கள் ஆளுக்கு இரண்டு பெற்றாலும் 1973 திரும்பாது.

பிடித்தம் கட்டப்போகிறவர்களில் உறைபனித் தலைமுறையும் உண்டு. ஐம்பதுகளில், மணமாகாமல், எண்பதை நெருங்கும் டங்காய் பெற்றோரோடு அதே வீட்டில் இருப்பவர்கள் பலர். பல வீடுகளில் அடுப்பெரிவது பெற்றோரின் ஓய்வூதியத்தில். 1971-ல் பிறந்தவர் 65 வயதைத் தொடுவது 2036-ல். நிரந்தர வேலை பார்க்காத பலருக்கு அப்போது கிடைப்பது அடிப்படை ஓய்வூதியம் ஒன்றுதான். நாற்பது ஆண்டு விடாமல் பணம் கட்டியவருக்கே அது இன்றைய கணக்கில் மாதம் சுமார் 70 ஆயிரம் யென். விட்டு விட்டுக் கட்டியவருக்கு அவ்வளவும் இல்லை.