இளையோரும் கிறிஸ்தவ இசையும்



"எனக்குக் கிதார் பிடிக்கிறது, என் தம்பிக்குப் பறை பிடிக்கிறது, எங்கள் பாட்டியோ கீர்த்தனையே பாட்டு என்கிறார். நாங்கள் மூவரும் ஓர் ஆலயத்தில் சேர்ந்து பாடுவது எங்ஙனம்?" என்று திருவண்ணாமலை மாணவன் ஒருவன் அண்மையில் என்னைக் கேட்டான். கார்த்திகைத் தீபத்தால் பெயர்பெற்ற இவ்வூரில், டேனிஷ் மிஷனாரின் வழிவந்த கிறிஸ்தவ மக்களும் நெடுநாளாய் வாழ்கின்றனர். அவன் கேட்ட கேள்வி அவர்தம் இளைஞர் பலருடைய கேள்வியுமாகும்.

இதற்கு விடை காண, தமிழ்க் கிறிஸ்தவ இசை வந்த வழியைச் சிறிது நோக்குவோம். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர்க்குப் பின்வந்தோரும் ஜெர்மானிய மெட்டுக்களில் தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடச் செய்தனர். ஞானப்பாட்டுக்கள் இவ்வாறு பிறந்தன. இவற்றில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. தமிழில் குறில் நெடிலானால் பொருள் மாறும். 'விடு' என்னும் சொல்லின் முதலெழுத்து நீண்ட சுரத்தில் விழுமாயின், கேட்போர் காதில் அது 'வீடு' என்றே ஒலிக்கும். எனினும், பலர் பல குரல்களில் ஒருங்கே இசைக்கும் அழகு இம்மரபுக்கே உரியது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் நாட்டு இராக தாளங்களில் கிறிஸ்தவப் பாடல்களை இயற்றினார். குறவஞ்சி என்னும் நாடக வகையையும் விட்டாரில்லை. 'பெத்லகேம் குறவஞ்சி' அவர் படைப்பே. கீர்த்தனையில் பல்லவி மீண்டும் மீண்டும் வரும். ஆதலின் எழுத்தறியாதவரும் அதைக் கேட்டே கற்றுச் சபையோடு பாட முடிந்தது.

மூன்றாவது, நாட்டுப்புற இசை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) சிற்றூர் மக்களின் பேச்சையும் மெட்டையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட இசைக்கு அங்கே இடம் கிடைத்தது.

இம்மூன்றும் தோன்றியபோது புதுமைகளே. இன்று மூன்றும் நம் செல்வங்கள். ஆகவே, "இதுவே தூய இசை, மற்றையது அன்று" என்று இளைஞரைக் கடிதல் வரலாற்றுக்கும் பொருந்தாது.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியனாய் இருந்தபோது, நன்றாகப் பாடிவந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென வாய்திறவாமல் நின்றான். பிடிவாதம் என்றெண்ணிக் கடிந்துகொண்டேன். அவன் பாடல் குழுவைவிட்டே நீங்கினான். அவனுடைய குரல் உடைந்துகொண்டிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அப்பருவத்தில் குரல் நாண்கள் நீண்டு தடிப்பதால், ஆண் பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி தாழ்கிறது. அவனுக்கு வேண்டியது கண்டிப்பு அன்று, தாழ்ந்த சுருதியே. சுவை வேறுபாடு என்று நாம் எண்ணுவது சிலபோது குரல் வேறுபாடாகவும் இருக்கலாம்.

எனவே, பாட்டைத் தேர்ந்தெடுக்கையில் மூன்றைக் கேளுங்கள். சொல் விளங்குகிறதா? மெட்டு அச்சொல்லின் பொருளைச் சிதைக்காமல் தாங்குகிறதா? கூடியிருப்போர் குரலுக்கு எட்டுகிறதா? இம்மூன்றும் அமைந்த பாட்டு வீணையோடு வந்தாலென்ன, கிதாரோடு வந்தாலென்ன, பறையோடு வந்தாலென்ன?

என்னைக் கேட்ட மாணவனுக்கு நான் சொன்ன வழி எளியது. மூவரும் தமக்குப் பிடித்த பாட்டு ஒவ்வொன்றை மற்ற இருவருக்கும் கற்பிக்கட்டும். பாட்டி தம்பியின் தாளத்துக்குக் கைதட்டட்டும். பேரன் பாட்டியின் பல்லவியைப் பிழையறக் கற்கட்டும். பிறர் சுவையை மதித்துக் கற்பவனுக்குத் தன் சுவையும் வளரும். பாட விரும்பும் பிள்ளை எவனும் வாய்மூடி நிற்கும்படி நேரலாகாது.