இருபதுக்கு மேல் க்யூ பிடித்தால்: பயிற்சியாளரின் கண் எதைப் பார்க்கிறது?

தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடி என்றால் பலருக்கும் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று பாலசுப்பிரமணிய சுவாமி கோயில், மற்றொன்று அமர் சேவா சங்கம். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தம் சொந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கிய அமைப்பு அது. தமக்கு மருத்துவம் பார்த்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதுபோன்ற இடங்களுக்கு வருகிறவர்களில், இருபத்தைந்து வயதில் பனையிலிருந்து விழுந்தவரும் பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவரும் அதற்குப் பிறகு எந்த விளையாட்டைத் தொட்டாலும் தாமதமாகத் தொடங்குபவர்கள்தான். ஆறு வயதில் அகாடமியில் சேர்த்துவிடும் காலத்தில், தாமதமாக வருபவரை மேல்மட்டத்துக்குக் கொண்டுபோக முடியுமா? பூல் ஆட்டத்தை வைத்து இதற்கு விடை தேடலாம். உடல் வலுவைவிட நுட்பத்துக்கும் கணக்குக்கும் அதிக மதிப்புள்ள ஆட்டம் அது.

சக்கர நாற்காலிக்கும், க்யூ என்ற கோலால் மேசையில் பந்தை அடிக்கும் ஆட்டங்களுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவட நோயாளிகளுக்காக லுட்விக் குட்மன் 1948இல் விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்து 1960இல் ரோமில் நடந்ததைத்தான் இன்று முதல் பாராலிம்பிக் என்கிறோம். அங்கே வில்வித்தை, நீச்சலோடு ஸ்னூக்கரும் இருந்தது. அந்த ஸ்னூக்கருக்கும் நம் ஊர்த் தொடர்பு இருக்கிறது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கிய ஆட்டத்துக்கு, 1880களில் ஊட்டி கிளப்பில்தான் எழுத்தில் விதி வகுத்தார்கள். 

பூல் ஸ்னூக்கரைவிடச் சின்ன மேசையில் ஆடுவது. போட்டி மேசையின் ஆடுபரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். ஆறு பாக்கெட்டுகள். பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டர். கேரம் ஆடியவர்களுக்கு ஓரளவு புரிந்துவிடும். ஸ்ட்ரைக்கர் இடத்தில் வெள்ளைப் பந்து, காய்களுக்குப் பதில் வண்ணப் பந்துகள், விரலுக்குப் பதில் க்யூ. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கேரமில் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்கரை எடுத்து நம் கோட்டில் வைத்துக்கொள்ளலாம். பூலில் வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஆகவே ஒரு பந்தைப் போடுவது பாதி வேலைதான். அடுத்த பந்துக்கு வாகான இடத்தில் வெள்ளையை நிறுத்துவது மீதிப் பாதி.

தாமதமாக வந்து உச்சம் தொட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்காவின் ஜெனட் லீ. 1971இல் பிறந்தவர். முதுகெலும்பு வளைவு நோய்க்காகச் சிறுவயதிலேயே அறுவை சிகிச்சை செய்து, முதுகெலும்பை ஒட்டி உலோகக் கம்பி பொருத்தப்பட்டவர். பதினெட்டு வயதில் நியூயார்க்கின் ஒரு பூல் கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த நகரின் பழைய ஆட்டக்காரர் ஜீன் நேகி அவருக்குக் குருவானார். 1994இல், அதாவது சுமார் ஐந்தே ஆண்டுகளில், அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைத் தரவரிசையில் முதலிடம். 2001இல் ஜப்பானின் அகிதாவில் நடந்த உலக விளையாட்டுகளில் தங்கம். நம் பக்கத்தில் பெங்களூரின் சித்ரா மகிமைராஜைச் சொல்லலாம். ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர், பிறகு க்யூவுக்கு மாறினார். 2006இலும் 2007இலும் பெண்கள் உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். மறுபக்கம் பங்கஜ் அத்வானி. பயிற்சியாளர் அரவிந்த் சவூரிடம் சிறுவனாகவே பயின்று, பதினெட்டு வயதில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றுவிட்டார். அத்வானி பட்டம் வென்ற வயதில் லீ ஆட்டத்தையே தொடங்கியிருக்கிறார்.

இந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் ஏன் அவ்வளவு தேவை என்று புரிய, ஒரு நேர் அடியை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பந்துக்கும் போட வேண்டிய பந்துக்கும் இடையே மூன்றடி. அங்கிருந்து பாக்கெட் இன்னொரு மூன்றடி. எல்லாம் ஒரே கோட்டில். வெள்ளைப் பந்து கால் டிகிரி மட்டும் விலகிப் போகிறது என்று வையுங்கள். மூன்றடி போவதற்குள் விலகல் நாலு மில்லிமீட்டர். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் 57 மில்லிமீட்டர் பந்தின் மேல் நாலு மில்லிமீட்டர் தள்ளிப் பட்டால், அடிபட்ட பந்து சுமார் நாலு டிகிரி கோணம் மாறி ஓடும். அடுத்த மூன்றடியில் அது இரண்டரை அங்குலம் விலகிவிடும். மூலை பாக்கெட்டின் வாய் ஏறத்தாழ நாலரை அங்குலம், பந்து இரண்டேகால். நடுவிலிருந்து இருபுறமும் கிடைக்கும் இடம் ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகம். பந்து விழாது. தொடக்கத்தில் செய்த பிழை சுமார் பதினாறு மடங்காகப் பெருகிவிட்டது.

இதோடு போனால் கடினமான ஆட்டம் என்று சொல்லிவிட்டு நகரலாம். சிக்கல் இன்னும் ஆழமானது. வெள்ளைப் பந்தின் நடுவில் அடிக்காமல் வலப்பக்கம் அடித்தால், பந்து க்யூ காட்டிய திசையில் போகாது, சற்று இடப்பக்கம் ஒதுங்கும். இப்போது ஒருவர் கை கோணலாக வீசுகிறது என்று கொள்ளுங்கள். விரல்களால் போட்ட தாங்கலை அச்சாக வைத்து, க்யூவின் முனை கடைசி நொடியில் வலப்பக்கம் திரும்புகிறது. க்யூ வலப்பக்கம் காட்டுகிறது. ஆனால் நடுவைத் தாண்டி வலப்பக்கம் அடித்ததால் பந்து இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஒரு பிழையை இன்னொரு பிழை கழித்துவிட, பந்து பாக்கெட்டில் விழுகிறது! கை சரி என்று அவர் நம்பிவிடுகிறார். தினமும் நூறு முறை அதே கோணலைப் பழகுகிறார். க்யூவை மாற்றினாலோ, வேகத்தைக் கூட்டினாலோ, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அடித்தாலோ கணக்கு உடைந்துபோகும். அவருக்குக் காரணம் புரியாது. குறி தப்பிவிட்டது என்று நினைத்து, குறியை மாற்றிப் பார்ப்பார். இப்போது மூன்று பிழைகள்.

ஆட்டக்காரருக்குப் பந்து சொல்வது முடிவை மட்டுமே, காரணத்தை அல்ல. காரணம் அவருடைய முழங்கையிலும் தோளிலும் இருக்கிறது. மேசை மேல் குனிந்திருப்பவரால் தம் முழங்கையைப் பார்க்க முடியாது. பயிற்சியாளர் தருவது அந்தக் கண்ணைத்தான். பன்னிரண்டு வயதில் தொடங்கியவர் கோணலைப் பழகிவிட்டாலும் அவிழ்த்துக் கட்ட ஆண்டுகள் இருக்கின்றன. இருபத்தைந்தில் தொடங்கியவருக்கு அந்த அவகாசம் இல்லை. அவரிடம் ஓர் அனுகூலமும் இருக்கிறது. அவிழ்க்க வேண்டிய முடிச்சு எதுவும் இன்னும் விழவில்லை. முதல் மாதமே நல்ல பயிற்சியாளரிடம் வந்துவிட்டால், தானாகக் கற்றுப் பத்தாண்டு ஆடியவரைவிட அவர் நிலை மேல் என்பேன்.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளில் பந்து விழுகிறதா என்று பார்க்க மாட்டார். எதிர்முனையில் நின்று க்யூ வரும் கோட்டைப் பார்ப்பார். செல்பேசியில் முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று எனப் படம் எடுப்பார். வேறு பந்தே இல்லாமல் வெள்ளையை மட்டும் நேராக அடித்து, எதிர் ஓரத் தடுப்பில் பட்டு க்யூ முனைக்கே திரும்பி வரும்படி செய்யச் சொல்வார். ஒதுங்கி வந்தால் நடுவில் அடிக்கவில்லை என்று பொருள். வெள்ளைக்குப் பதில் பட்டை போட்ட பந்தை, பட்டை செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடிக்கச் சொல்வதும் உண்டு. பட்டை ஆடாமல் உருண்டால் அடி சுத்தம், நடுங்கினால் பக்கச் சுழற்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெற்றுப் பாட்டிலைப் படுக்க வைத்து, வாயின் விளிம்பைத் தொடாமல் க்யூவை உள்ளே விட்டு எடுப்பது இன்னொரு பழைய பயிற்சி. செலவில்லாதது, வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம். பெரும்பாலான கோணல்களுக்குக் காரணம் பிடி. பதற்றத்தில் விரல்கள் இறுகும், மணிக்கட்டு திரும்பும். பிடியைத் தளர்த்தச் சொல்லும் ஒற்றை வார்த்தைக்காகவே பயிற்சியாளருக்குக் கட்டணம் கொடுக்கலாம்.

கை நேரானதும் அடுத்த பாடம் வெள்ளைப் பந்தின் போக்கு. இங்கேதான் இளம் வயதில் தொடங்கியவர்கள் முந்திவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான முறை பார்த்துப் பார்த்து, பந்து எங்கே போகும் என்பது அவர்களுக்கு யோசிக்காமலே தெரியும். தாமதமாக வந்தவருக்கு அந்த ஆண்டுகளின் இடத்தில் பயிற்சியாளர் இரண்டு விதிகளைக் கொடுக்கிறார். சுழற்சியே இல்லாமல் சறுக்கி வந்து மோதும் வெள்ளைப் பந்து, அடிபட்ட பந்தின் பாதைக்குச் செங்குத்தாகப் பிரியும். இயல்பாக உருண்டு வந்து மோதினால், பந்தின் கால் பாகத்திலிருந்து முக்கால் பாகம் வரை எங்கே பட்டாலும், வந்த திசையிலிருந்து ஏறத்தாழ முப்பது டிகிரி மட்டுமே திரும்பும். இந்த இரண்டையும் விரலை விரித்து மேசை மேல் காட்டிவிடலாம். இந்தக் கணக்கு புதிதல்ல: பள்ளியில் புவிச்சுழற்சிப் பாடத்தில் வரும் கோரியோலிஸ், 1835இல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் கணிதத்துக்கென்றே தனிப் புத்தகம் எழுதியவர்.

விதி தெரிந்தாலும் மேசை ஊருக்கு ஊர் மாறும். தென்காசிப் பக்கம் ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் இறங்கும்போது காற்றில் ஈரம் ஏறும். மேசையின் துணி ஈரத்தை உறிஞ்சும், பந்து வேகம் குறையும், ஓரத் தடுப்பில் பட்டுத் திரும்பும் கோணமும் மாறும். இதனால்தான் உயர்மட்ட ஸ்னூக்கர் மேசைகளில் கற்பலகைக்கு அடியில் சூடேற்றி வைக்கிறார்கள். போட்டிக்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களில் இன்றைய மேசையை அளப்பது எப்படி என்று சொல்லித்தருவதும் பயிற்சியாளர் வேலை.

மூன்றாவது பாடம் திட்டம். சதுரங்க வல்லுநர்கள் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, பழகிய கொத்துகளாகப் பார்க்கிறார்கள் என்று வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் காட்டினார்கள். பூலிலும் அப்படியே. புதியவர் அடுத்த பந்தைத்தான் பார்ப்பார். பயிற்சியாளர் கடைசியிலிருந்து தொடங்கச் சொல்வார். கடைசியாகப் போட வேண்டிய எட்டாம் எண் பந்தை எந்த பாக்கெட்டில் போடப் போகிறாய்? அதற்கு வெள்ளை எங்கே நிற்க வேண்டும்? அங்கே கொண்டுவிடும் பந்து எது? இப்படிப் பின்னாலிருந்து மூன்று பந்துகளைக் கட்டிவிட்டால் மீதி தானே அமையும். போட முடியாத பந்தைப் போட முயலாமல், எதிராளிக்கு வழி தெரியாதபடி வெள்ளையை ஒளித்து வைப்பதும் இங்கேதான் வருகிறது. பெரியவராக வந்தவர்கள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். பொறுமையும் கணக்கும் வயதோடு வருபவை அல்லவா?

நின்றபடி முடிவெடு, குனிந்தபின் யோசிக்காதே என்பதும் ஒரு பாடம். அடிக்கும் முன் குறியின் மேல் பார்வை அசையாமல் நிலைக்கும் நேரம் தேர்ந்தவர்களுக்கு நீளமாக இருப்பதைக் கண் அசைவு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குனிந்தபின் மனம் மாறுபவருக்கு அந்த நிலைப்பு கிடைக்காது.

சக்கர நாற்காலியில் ஆடுபவருக்கு இதில் என்ன மாறும்? விதிப்படி இருக்கையிலிருந்து எழக்கூடாது, பாதத்தைத் தரையில் ஊன்றக்கூடாது. எட்டாத பந்துக்குத் தாங்குகோல் வைத்துக்கொள்ளலாம். நிற்பவருக்குக் கால் வைக்கும் நிலை எப்படியோ, அவருக்கு நாற்காலியை நிறுத்தும் கோணம் அப்படி. ஒவ்வொரு அடிக்கும் அதே கோணத்தில் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, பிறகுதான் க்யூவை நீட்ட வேண்டும். கண் உயரம் குறைவதால் கோணம் வேறு மாதிரித் தெரியும். இடுப்புப் பிடிமானம் இல்லாதவருக்கு உடலைச் சாய்க்கும் அளவும் குறையும். பந்தின் இயற்பியல் மட்டும் மாறாது. கால் டிகிரி அவருக்கும் அதே கால் டிகிரிதான்.

எல்லாம் செய்தாலும் தாமதமாகத் தொடங்கியவர் உலகப் பட்டம் வெல்வது அரிது. ஜெனட் லீ போன்றவர்கள் ஒரு தலைமுறைக்குச் சிலர்தான். மாநில, தேசிய மட்டம் அப்படி எட்டாததல்ல. அதற்கு ஆண்டுக்கணக்கான தினசரிப் பயிற்சியோடு, அடிக்கடி தோற்பதற்குப் போட்டிகளும் வேண்டும். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் கிளப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மேசையைச் சுற்றியாவது சக்கர நாற்காலி தடையின்றிச் சுற்றிவர இடம் விடுங்கள், வாசலில் ஒரு சாய்தளம் போடுங்கள். பயிற்சியாளரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் நாள் உங்கள் ஆட்டத்தைப் பார்க்கும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். உங்கள் முழங்கையைப் பார்ப்பவரிடம் சேருங்கள்.