இலக்கும் அதற்கு அப்பாலும்



வில்வித்தை என்றதும் நம் நினைவில் எழுபவை இரண்டு கதைகள். ஒன்று, துரோணர் தம் மாணாக்கரைச் சோதித்த கதை. மரக்கிளையில் வைத்த பறவையைக் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று ஆசான் வினவினார். மற்றையோர் மரமும் கிளையும் சூழ நிற்போரும் தெரிவதாகக் கூறினர். அருச்சுனன் ஒருவனே, பறவையின் தலையன்றி வேறெதுவும் தெரியவில்லை என்றான். மற்றொன்று, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் கதை. அவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் உருட்டி, ஈற்றில் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார்.

இவ்விரு கதைகளையும் பல்லாண்டு காலம் வகுப்பறையிலே ஒருமித்த சிந்தைக்கும் ஆற்றலுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தவன் நான். அவற்றை வேறு கண்கொண்டு நோக்குமாறு செய்தான் ஒரு மாணவன். சீனாவின் ஹாங்சோ நகரில் 2023இல் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், கொம்பவுண்ட் வில் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்திய வீரர்கள் வென்றனர். அக்காட்சியைக் கைத்தொலைபேசியிற் கண்ட அவன், "சேர், கொக்கிளாயில இருந்து இது எங்களுக்கு ஏலாதா?" என்று கேட்டான். ஏலும் என்பதே என் விடை. ஆயின் எவ்வாறு ஏலும் என்பதை விளக்காது அவ்விடையைக் கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று.

முதலில் இவ்வில்லின் இயல்பை அறிந்துகொள்வோம். கொம்பவுண்ட் வில்லை நாம் கூட்டுவில் எனலாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தவரான ஹொலெஸ் வில்பர் அலன் என்பார் 1966இல் இதற்குக் காப்புரிமை கோரி, 1969இல் அதனைப் பெற்றார். இவ்வில்லின் இரு நுனிகளிலும் மையம் விலகிய உருளைகள் உண்டு. நாணை இழுக்கத் தொடங்குகையில் பாரம் ஏறும். உச்சத்தைக் கடந்ததும் உருளைகள் திரும்பிக்கொள்ள, கையிற் தாங்கும் பாரம் பெரிதும் குறையும். 40 இறாத்தல் வில்லொன்றிலே முக்காற்பங்கு குறையுமாயின், குறிபார்க்கும் வேளையில் 10 இறாத்தலைத் தாங்கினாற் போதும். ஆதலின் கை நடுங்காது நின்று நிதானமாகக் குறிபார்த்தல் கூடும்.

தாங்கும் பாரம் குறைந்தது கொண்டு அம்பின் வேகமும் குறைந்ததென மயங்கலாகாது. வலிய கூட்டுவில்லின் அம்பு வினாடிக்கு 80 மீற்றர் வரையும், சிலவேளை அதற்கு மேலும் பாயும். உசைன் போல்ட் 9.58 வினாடியில் ஓடிக் கடந்த நூறு மீற்றரை அது ஏறத்தாழ ஒன்றேகால் வினாடியிற் கடந்துவிடும். வானோக்கித் தவறுதலாக விடப்படின், முந்நூறு மீற்றருக்கு அப்பாலும் சென்று விழும். இதனாலேதான் ஓரியின் கதை இன்று எனக்கு அச்சந் தருகின்றது. யானையோடு நில்லாத அம்பு, நம் ஊரில் யாரிடம் போய் நிற்கும்?

ஆகவே, பயிற்சி நடத்துவோனுக்கு அருச்சுனனின் கண் மட்டும் போதாது. எய்பவன் இலக்கை மட்டும் காணட்டும். நடத்துபவனோ மரத்தையும் கிளையையும், அப்பால் நிற்போரையும் காணல் வேண்டும். தைக்கும் அம்பைப் பற்றிக் கவலையில்லை. தவறும் அம்புக்கே இடம் அமைக்க வேண்டும்.

இடத்தைத் தெரியும் முறையைக் கூறுவேன். குளக்கட்டு இயற்கையாய் அமைந்த தடுப்பணை போலத் தோன்றும். ஆயின் அதன்மேல் மனிதரும் மாடும் நடமாடுவர். அதனை நோக்கி எய்தலாகாது. காலபோக அறுவடை முடிந்து தரிசாய்க் கிடக்கும் வயல், உரியவரின் இசைவு பெற்றால், நல்ல இடமாகும். வடக்கு நோக்கி எய்யுமாறு களத்தை அமைப்பின், காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணிற் படாது. இலக்கின் பின்னே, அதனினும் உயரமாகவும் அகலமாகவும் மண்ணைக் குவித்து அணை கட்டுக. அணைக்கப்பாலும் இருமருங்கும் ஒற்றையடிப்பாதை, வீடு, மேய்ச்சல் நிலம் எவையும் இருத்தலாகாது. சோளகம் வலுத்து வீசும் நாட்களிற் பயிற்சியை நிறுத்திவிடுதல் நன்று.

நம் நிலத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. 1984இல் இடம்பெயர்ந்த நம் மக்கள், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே சொந்த மண்ணுக்கு மீளத் தொடங்கினர். வன்னியில் மிதிவெடி அகற்றப்பட்ட நிலமும் உண்டு. எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலமும் உண்டு. அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட நிலத்திலன்றிக் களம் அமைத்தலாகாது. எய்த அம்புகளை ஒவ்வொரு சுற்றிலும் எண்ணுக. ஒன்று குறைந்து, அது பற்றைக்குள் வீழ்ந்ததாயின், அதனை அவ்வாறே விட்டுவிடுக. அம்பு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்; கால் ஒன்றை வாங்க இயலாது.

இனி, செலவைப் பற்றிக் கூறுவேன். வில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது, விலையும் மிகுதி. இறக்குமதிக்கும் வைத்திருத்தற்கும் உரிய விதிகளை அதிகாரிகளிடம் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும். ஒவ்வொருவரும் ஒன்று வாங்குதல் வேண்டியதில்லை. பாடசாலையோ விளையாட்டுக் கழகமோ ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஆயின் கூட்டுவில்லின் இழுப்பு நீளம் ஒவ்வொருவர் கை நீளத்துக்கும் பொருந்த வேண்டும். ஆதலின் இழுப்பு நீளத்தையும் பாரத்தையும் எளிதில் மாற்றக்கூடிய வில்லையே தெரிந்தெடுக்க. பயில்வோர் குறைந்த பாரத்தில் தொடங்குக.

ஏனையவற்றை ஊரிலேயே ஆக்கிக்கொள்ளலாம். உரச்சாக்குகளில் பழந்துணிகளை இறுக அடைத்து, கயிற்றால் வரிந்து அடுக்கினால் அம்பு தாங்கும் இலக்கு ஆயிற்று. வைக்கோலும் உதவும், ஆனால் தளர்ந்த வைக்கோலை அம்பு ஊடுருவிவிடும். இலக்குக்கும் மண்ணணைக்கும் இடையே, நம் மீனவர் கழித்த தடித்த வலைகளை இரண்டு மூன்று மடிப்பாகத் தொங்கவிடுக. இறுக்கிக் கட்டாமல், அடி நிலத்திற் படியுமாறு தளர விட்டால், தவறிய அம்பின் வேகத்தை வலை உண்டுவிடும். எனினும் வலை அணைக்குத் துணையேயன்றி, அணைக்கு மாற்று ஆகாது. வில்லுக்குப் பணம் சேர்க்குமுன் அணைக்கு மண் சேர்க்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது.

களத்தின் ஒழுங்கும் செலவற்றதே. நிலத்திலே கயிறொன்றை இட்டு, அனைவரும் அதன் ஒரே வரிசையில் நின்று எய்க. கட்டளை ஒருவருடைய ஊதுகுழலுக்கே உரியது. இருமுறை ஊதினால் வரிசைக்கு வருக; ஒருமுறை ஊதினால் எய்க; மும்முறை ஊதினால் வில்லை வைத்துவிட்டு அம்பு எடுக்க நடந்து செல்க; ஐந்து முறையோ அதற்கு மேலோ ஊதினால் உடனே யாவும் நிற்க வேண்டும். தொடக்கத்தில் 10 மீற்றர் தூரம் போதும். சர்வதேசப் போட்டிக்குரிய 50 மீற்றரை ஆறுதலாக அடையலாம்.

வில்லை வானோக்கி உயர்த்தி நாணை இழுத்தலாகாது. அம்பு பூட்டாது நாணை விடுதலும் ஆகாது. அம்புக்குச் செல்ல வேண்டிய விசை வில்லையே தாக்கிச் சிதைத்துவிடும். ஒவ்வோர் அம்பையும் மெல்ல வளைத்துப் பார்த்து, வெடிப்போ சிராயோ காணின் முறித்து ஒதுக்குக. நாணும் உருளைகளும் பழுதுற்றால் வீட்டிலே கழற்றாது, உரிய கருவி உடையவரிடம் கொடுக்க. கூரிய வேட்டை அம்புகளுக்குக் களத்தில் இடமில்லை. நம் கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகளின் சரணாலயம். துரோணர் கிளையில் வைத்ததும் செயற்கைப் பறவையே என்பதை இளைஞர்க்கு நினைவூட்டுதல் நன்று.

இத்தனை கட்டுப்பாடும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ராஞ்சி நகரின் ஓட்டோச் சாரதி ஒருவரின் மகளான தீபிகா குமாரி மூங்கில் வில்லிலே பயிலத் தொடங்கியவர். 2010இல் தில்லிப் பொதுநலவாய விளையாட்டுகளில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். பிறவியிலேயே கைகளற்ற காஷ்மீர்ச் சிறுமி ஷீதல் தேவி, காலால் கூட்டுவில்லைப் பற்றி, தோளால் நாணை இழுத்து, 2024இல் பாரிஸ் பராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார். 2028இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கூட்டுவில் முதன்முறையாக இடம்பெறவுள்ளது.

யுத்தத்தில் அவயவங்களை இழந்தோர் பலர் வாழும் மண் நம் வன்னி. சக்கர நாற்காலியில் இருப்பவரும் நிற்பவரும் ஒரே கயிற்றின் வரிசையில் சேர்ந்து பயிலக்கூடிய விளையாட்டு இது. அவ்வரிசையை அமைப்பதற்கு முன், அதற்கு எதிரேயுள்ள மண்ணணையை அமைத்துவிடுவோம். அந்த மாணவனுக்கும் இதனையே கூறினேன். மறுவாரம் அவன் வில்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மண் அள்ள மண்வெட்டி கிடைக்குமா என்றே கேட்டான். அவன் பயிற்சி அன்றே தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.