பழைய சிறு லாரியின் தரைத் தகட்டில் துரு: மூடி மறைக்காதீர், வெட்டி எடுங்கள்

காய்கறி, பால், தீவனம், உரம் முதலியவற்றை ஏற்றிச் செல்லப் பழைய சிறு லாரிகளை வாங்கி உபயோகிக்கும் சிறு விவசாயிகள் பலர். இவ்வண்டிகளில் என்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே, ஓட்டுநர் கேபினின் தரைத் தகடும், கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடும் துருவால் அரிக்கப்பட்டுவிடுகின்றன. இந்தப் பெட்டித் தகட்டைப் பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்று சொல்வதுண்டு.

ஓட்டை கண்ணில் பட்டவுடன் அதன்மேல் ஒரு தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, தார் பூசிவிடுவது வழக்கமாக உள்ளது. இதனால் துரு மறைகிறதே தவிர நிற்பதில்லை. பழைய தகட்டுக்கும் புதிய தகரத்துக்கும் இடையே தண்ணீர் தங்கி, ஓரிரு மழைக்காலத்துக்குள் ஓட்டை முன்னைவிடப் பெரிதாகிவிடும். கொடுத்த கூலியும் வீணாகும். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, தண்ணீர் வரும் வழியையும் அடைத்தால் அதே வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

ஓட்டையால் வரும் அபாயம்

தரைத் தகடு கால் வைப்பதற்கு மட்டும் உள்ளதன்று. பல வண்டிகளில் இருக்கையின் போல்ட்டுகளும் இருக்கை வாரின் கொக்கியும் இத்தகட்டிலேயே பொருத்தப்பட்டுள்ளன. தகடு மெலிந்துவிட்டால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போதோ மோதலின்போதோ போல்ட் தகட்டோடு பெயர்ந்து வந்துவிடும்.

இன்னொரு அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. சிறு லாரிகள் பலவற்றில் என்ஜின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. புகைக்குழாயில் கசிவு இருந்தால், தரையிலுள்ள ஓட்டை வழியாக என்ஜின் புகை கேபினுக்குள் ஏறும். அப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசல் வண்டியைவிடப் பெட்ரோல் வண்டியில் இது அதிகம். விடியற்காலைச் சந்தைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓட்டும்போது தலைவலி, மயக்கம், தூக்கக் கலக்கம் ஏற்பட்டால் உடனே வண்டியை நிறுத்தி இறங்கிவிட வேண்டும். கதவுகளைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். புகைக்குழாயையும் தரைத் தகட்டையும் சோதித்துச் சரிசெய்யாமல் அவ்வண்டியை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

துரு எப்படி உண்டாகிறது?

இரும்போடு தண்ணீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேரும்போது துரு உண்டாகிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் துரு நின்றுவிடும். வர்ணம் செய்கிற வேலை இதுவே. துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது வர்ணத்தை உப்பச் செய்து உரித்து, மேலும் தண்ணீர் புக வழிசெய்துகொள்கிறது.

தண்ணீரில் உப்பு கலந்தால் துருப்பிடிக்கும் வேகம் பல மடங்காகும். கடலோர மாவட்டங்களில் ஓடும் வண்டிகள் விரைவில் அரிக்கப்படுவது இதனால்தான். விவசாயிகளின் வண்டிக்கு உரத்தாலும் இக்கேடு வருகிறது. மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி குளோரைடு. சாப்பாட்டு உப்பிலும் இந்தக் குளோரைடு உண்டு. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். பிரித்த உர மூட்டையைக் காலடியிலோ இருக்கைக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டு வந்தால், சிந்திய உரம் மிதியடிக்குக் கீழே போய்ச் சேர்ந்து அங்கேயே இருந்து தகட்டைத் தின்னும். கோழி எருவும் மீன் பெட்டித் தண்ணீரும் இதே கேட்டைச் செய்வன.

தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்தல்

வெல்டிங் வேலைக்கு முன் இதைச் செய்ய வேண்டும். இருக்கையையும் மிதியடியையும் கழற்றி, தரையை உலரவிட வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்துகொள்ள, மற்றொருவர் வெளியிலிருந்து முன்கண்ணாடியின் ஓரங்களிலும் கதவுகளிலும் தண்ணீரை ஊற்ற வேண்டும். முதலில் கீழ்ப்பகுதியில் ஊற்றி, படிப்படியாக மேலே செல்ல வேண்டும். அப்போதுதான் எந்த மட்டத்தில் கசிகிறது என்பது தெரியும்.

முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருத்தல், கதவு ரப்பர் நைந்திருத்தல், தரையிலுள்ள ரப்பர் அடைப்பான்கள் விழுந்துபோயிருத்தல், சக்கரத்திலிருந்து தெறிக்கும் சேறு மூலைகளில் அப்பியிருத்தல் ஆகியவை பொதுவாகக் காணப்படும் காரணங்கள். ரன்னிங் போர்டின் அடியில், உள்ளே புகும் தண்ணீர் வெளியேறுவதற்கென்றே சிறு துளைகள் உண்டு. சேறும் வைக்கோல் தூசியும் இத்துளைகளை அடைத்துவிட்டால், பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே வர்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு காகிதம்போல் ஆகியிருக்கும்.

பழுது பார்க்கத் தகுந்ததா?

சிறிய சுத்தியலால் தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீர் என ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். சந்தேகமான இடத்தைத் திருப்புளியால் அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். அரிப்பின் எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும்.

துரு தரைத் தகட்டோடும் ரன்னிங் போர்டோடும் நின்றிருந்தால் தயங்காமல் பழுது பார்க்கலாம். இருக்கை போல்ட்டுகள், பெடல்கள், கேபினைத் தாங்கும் இடங்கள் ஆகியவை அரிக்கப்பட்டிருந்தால் அனுபவமுள்ள பட்டறையில் மட்டுமே செய்ய வேண்டும். வண்டியின் எடை முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமே அடுக்கடுக்காக உரிந்திருந்தால், அதன்மேல் தகடு ஒட்டி ஓட்டுவது அபாயம். அவ்வண்டிக்கு மேலும் பணம் செலவிடாதிருப்பதே நலம். பழைய வண்டி வாங்குவோர் விலை பேசுமுன் மிதியடியைத் தூக்கிப் பார்த்து, அடியில் படுத்து அடிச்சட்டத்தையும் தட்டிப் பார்ப்பது அவசியம்.

8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி.க்குச் செல்வதற்குப் போதிய நாள்கள் முன்னதாகவே இவ்வேலையை முடித்துக்கொண்டால், கடைசி நேரத்தில் தார் பூசி ஒப்பேற்ற வேண்டியிராது.

முன்னெச்சரிக்கைகள்

கேபின் தரைக்கு அடியில் மின்கம்பிகள், பிரேக் ஆயில் குழாய், டீசல் குழாய் ஆகியவை செல்கின்றன. வெட்டுமுன் இவற்றின் போக்கைப் பார்த்து, கழற்றவோ ஒதுக்கிக் கட்டவோ வேண்டும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். புதுரக வண்டியாயின் என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியின் இணைப்பையும் கழற்றச் சொல்ல வேண்டும். வேலை நடக்குமிடத்துக்கு அருகில் டீசல் தொட்டி இருந்தால் அதை இறக்கி அப்பால் வைக்க வேண்டும். தொட்டி காலியாக இருக்கிறது என்று அசட்டையாக இருக்கக் கூடாது. காலித் தொட்டியிலுள்ள ஆவியே வெடிக்கும். எரிவாயுவில் ஓடும் வண்டியை அதற்குரிய பட்டறைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

பஞ்சு, ரப்பர், துணி எல்லாவற்றையும் அகற்றி, தண்ணீர் வாளி, ஈரச் சாக்கு, மணல் ஆகியவற்றை அருகில் வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரம் வண்டியைக் கவனித்திருக்க வேண்டும். பல சமயம் தீ, ஆட்கள் போன பிறகுதான் கிளம்புகிறது.

வெட்டுதலும் தகடு தயாரித்தலும்

வேலை தொடங்குமுன் தகட்டை நன்றாகக் கழுவி, உப்பையும் உரத்தையும் போக்கி உலர்த்த வேண்டும். பிறகு துருவின் எல்லையிலிருந்து சுமார் 25 மி.மீ. தள்ளி, பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை வெட்ட வேண்டும். இங்கே சிக்கனம் பார்த்தால் வெல்டிங் பிடிக்காது. மெலிந்த தகடு சூட்டில் உருகி ஓட்டை விழும்.

பழைய நாள்காட்டி அட்டையை ஓட்டையின்மேல் வைத்து அளவு வெட்டிக்கொண்டு, அதன்படி இரும்புத் தகட்டை வெட்டலாம். மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிட வேண்டும். பழைய தகட்டின் கனத்துக்கு ஒத்த கனமே சரியானது. பொதுவாக 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ.) அல்லது 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ.) போதும். கனமான தகடு போட்டால் உறுதி கூடும் என்று எண்ணுவது தவறு. கனத் தகட்டை உருக்கும் சூடு, பக்கத்திலுள்ள மெல்லிய தகட்டை எரித்துவிடும். தரையிலுள்ள மடிப்பு வரிகளே அதற்கு உறுதி தருபவை. புதுத் தகட்டிலும் அம்மடிப்புகளை ஏற்படுத்த வேண்டும்.

ஜி.ஐ. தகட்டின்மேல் அப்படியே வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குக் குளிர்காய்ச்சல் போன்ற உபாதை வரும். வெல்டிங் வைக்கும் ஓரங்களில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகமூடி அணிந்து செய்ய வேண்டும்.

வெல்டிங்

இம்மெல்லிய தகடுகளுக்கு 0.8 மி.மீ. கம்பியுடன் செய்யும் சி.ஓ.2 வெல்டிங் ஏற்றது. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழுவது சகஜம். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும். ஒரே ஓட்டமாக இழுக்காமல், 25 முதல் 40 மி.மீ. இடைவெளியில் புள்ளி புள்ளியாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி வைத்து, ஆறவிட்டுப் பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும்.

ரன்னிங் போர்டை வெட்டும்போது கூடுதல் கவனம் தேவை. கதவின் சட்டத்தை நிலையாக வைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வண்டியைச் சமதளத்தில் சக்கரங்களின்மேல் நிறுத்தி, கதவு இடைவெளியின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைத் தற்காலிகமாகப் பற்றவைத்த பிறகே வெட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். முதற்புள்ளிகள் வைத்தவுடன் கம்பியை எடுத்துவிட்டுக் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்து, கம்பியை மீண்டும் பொருத்தி, பிறகு முழுமையாக வெல்டிங் வைக்க வேண்டும். அடியிலுள்ள வடிகால் துளைகளைப் புதுத் தகட்டிலும் மறவாமல் போட வேண்டும். துளை இல்லாத புதுப் பெட்டி, தண்ணீர் தேக்கும் தொட்டியாகிவிடும்.

பூச்சு வேலை

வெல்டிங் தழும்புகளைத் தேய்த்து, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுத்தம் செய்து, அன்றே பிரைமர் பூச வேண்டும். இரண்டு கலவையாக வரும் எபாக்சி பிரைமர் சிறந்தது. ரெட் ஆக்சைடு உபயோகித்தால் இரண்டு பூச்சு வேண்டும். பிரைமர் மட்டும் ஈரத்தைத் தடுக்காது. அதன்மேல் வர்ணம் அவசியம். பிரைமர் உலர்ந்ததும் இணைப்புகளின் மேலும் கீழும் சீலன்ட் பூசி, பிறகு வர்ணம் அடிக்க வேண்டும். ரன்னிங் போர்டின் உட்புறத்துக்கு, வெல்டிங் சூடு ஆறி வேலை முடிந்த பின், துருத்தடுப்பு மெழுகைச் சிறு குழாய் மூலம் பீச்ச வேண்டும். அப்போது வடிகால் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழிவு என்ஜின் ஆயிலைப் பூசுவது நல்லதன்று. அது தூசியைச் சேர்க்கும், ரப்பரைக் கெடுக்கும், சொட்டி மண்ணையும் மாசுபடுத்தும். துருவின்மேல் தார் பூசுவதையும், ஓட்டையைப் பட்டி வைத்து அடைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கூலி பேசும்போது

துருவை வெட்டிய பின்னரே முழு அளவு தெரியும். ஆகவே முதலில் இருக்கையையும் மிதியடியையும் வீட்டிலேயே கழற்றி, சுத்தம் செய்து, அரிப்பைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்வது நலம். கூலியும் குறையும், பேச்சிலும் குழப்பம் இராது. தகட்டின் கனம், எவ்வளவு நீளம் வெட்டுவது, பிரைமரும் சீலன்ட்டும் யார் செலவு, கூடுதலாக வெட்ட நேர்ந்தால் எவ்வளவு என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வர்ணம் அடிக்குமுன் ஒருமுறை வேலையை நேரில் பார்ப்பதும் அவசியம். வர்ணம் ஏறிய பின் நல்ல வேலைக்கும் மட்டமான வேலைக்கும் வித்தியாசம் தெரியாது.

தொடர்ந்த பராமரிப்பு

உரம் ஏற்றிய அன்றே கேபினையும் பின்தளத்தையும் கழுவி உலர்த்த வேண்டும். பிரித்த உர மூட்டையைக் கேபினில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை மிதியடியை எடுத்து வெயிலில் போட்டு, தரையையும் காயவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தி விட்டு, கண்ணாடி மற்றும் கதவு ரப்பர்களைச் சோதித்து, வர்ணம் உப்பிய இடங்களைத் தேய்த்துப் பிரைமரும் வர்ணமும் பூச வேண்டும். நகத்தளவு இருக்கும்போது ஒரு பிரஷ்ஷோடு முடியும் வேலை, உள்ளங்கை அளவானால் வெல்டிங்குக்குப் போகும். மழைக்கு முன் வரப்பைச் சரிபார்ப்பதுபோல் வண்டியின் அடித்தகட்டையும் ஆண்டுதோறும் பார்த்துவரும் விவசாயிக்கு இச்செலவு பெரும்பாலும் மிச்சமாகும்.