பனியில் ஏறிய கால்கள், சாலையில் மிதித்த கால்கள்

2021 ஏப்ரலில் ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்தில் அன்டன் பால்சர் என்ற ஜெர்மானியர் முதல்முறையாகக் களமிறங்கினார். வயது 28. தொழில்முறை சைக்கிள் வீரர்களில் பலர் பதின்ம வயதிலேயே பந்தயம் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். பால்சரோ அதுவரை பனிமலைகளில் சறுக்குப் பலகை கட்டி ஏறி இறங்கியவர், அந்த விளையாட்டின் உலகப் போட்டிகளில் பதக்கம் வென்றவர். அதே ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவிலும் அவர் பெயர் இருந்தது. ஒரு விளையாட்டில் வளர்ந்த உடல் இன்னொன்றுக்கு இவ்வளவு விரைவாக எப்படிப் பொருந்தியது?

பனிச்சறுக்கு என்றதும் மலையிலிருந்து வழுக்கி இறங்குவதுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பால்சரின் விளையாட்டான பனிச்சறுக்கு மலையேற்றத்தில் இறக்கம் கொஞ்ச நேரம்தான். பந்தய நேரத்தின் பெரும்பகுதி ஏற்றத்திலேயே போய்விடும். வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவது எப்படி? நாயின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும்; எதிர்ப்பக்கமாகத் தடவினால் முடி சிலிர்த்து மறிக்கும். பலகையின் அடியில் ஒட்டும் பட்டையும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரே பக்கம் படிந்த அதன் இழைகள் பலகையை முன்னால் நகரவிடும், பின்னால் சரியவிடாது. ஒரு காலத்தில் இந்தப் பட்டையைக் கடல்நாயின் தோலில் செய்தார்கள்; இன்று அங்கோரா ஆட்டின் ரோமமும் நைலானும். உச்சியை எட்டியதும் சில நொடிகளில் பட்டையை உரித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு சறுக்கத் தொடங்குவார்கள்.

இந்த விளையாட்டின் கடுமைக்கு ஓர் உதாரணம்: சுவிட்சர்லாந்தில் செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை நடக்கும் பனியாற்றுப் பந்தயத்தை அந்நாட்டு ராணுவம் 1943இல் தொடங்கியது. தூரம் 57 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மொத்த ஏற்றம் 4,300 மீட்டருக்கும் அதிகம். மூன்று பேர் கொண்ட குழுவாகச் செல்லவேண்டும். சிறந்த குழுக்கள் இதை ஆறு மணி நேரத்துக்குள் முடித்திருக்கின்றன. முதன்முறை அந்த எண்களைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்றுதான் நினைத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடலும் கருவிகளும் சேர்ந்து 70 கிலோ என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,000 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 190 வாட் திறன் வேண்டும். நம் உடலோ எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை. மீதி வெப்பமாகிறது. உறையும் குளிரிலும் இந்த வீரர்கள் மெல்லிய ஒற்றை உடுப்போடு ஓடுவது அதனால்தான். சைக்கிளில் மலையேறுபவருக்கும் இதே கணக்குதான். சமதளத்தில் அவருக்குக் காற்று எதிரி. ஏற்றத்தில் எடை எதிரி. ஆகவே இரு விளையாட்டிலும் பயிற்சியாளர்கள் பார்ப்பது, ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் என்ற ஒரே அளவை.

இந்தத் திறன் பெரும்பாலும் மெதுவான பயிற்சியில்தான் விளைகிறது. உலகத் தரமான தாங்குதிறன் வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்த ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், ஐந்தில் நான்கு அமர்வுகள் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் அமைந்திருப்பதைக் காட்டினார். இப்படி மணிக்கணக்கில் உழைக்கும்போது தசை செல்களில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசையைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடர்கின்றன. கொழுப்பை எரிக்கும் திறன் கூடுகிறது. இது முக்கியம்: தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் ஒல்லியான வீரரின் உடலில்கூடக் கொழுப்புக்குப் பஞ்சமில்லை.

மணிக்கணக்கில் உழைக்க, அதைத் தாங்கும் கால்கள் வேண்டும். ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் தரையில் மோதுகிறது. நீளும்போதே விசையைத் தாங்கும் தசை நார்களில் நுண்காயம் ஏற்படுகிறது. பெடல் மிதிப்பதிலும் பலகையைத் தள்ளி ஏறுவதிலும் அந்த மோதல் இல்லை. பனிமலை வீரர்கள் பலர் கோடையில் சைக்கிளை எடுப்பது வெறும் மாறுதலுக்காக அல்ல. கால்களைப் புண்ணாக்காமல் இதயத்துக்கு வேலை கொடுக்கலாம் என்பதற்காக. ஸ்பெயினின் பனிமலை வீரர் கிலியன் ஜோர்னெட் 2024இல் ஆல்ப்ஸின் நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 82 சிகரங்களை 19 நாட்களில் ஏறி முடித்தபோது, மலைகளுக்கு இடையிலான தூரத்தையும் நடந்தும் சைக்கிள் மிதித்துமே கடந்தார்.

நெடுநேரப் பந்தயத்தில் போய்க்கொண்டே உண்ணவேண்டும்; அதனால் வயிற்றுக்கும் பயிற்சி உண்டு. குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் குளுக்கோஸை உள்ளே எடுக்கும் என்பது பழைய கணக்கு. ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக நுழைவதால் இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 கிராம் வரை போகலாம் என்று பின்னர் தெரிந்தது.

எனக்குக் கவலை தருவது எடை விஷயம். வாட்டைக் கூட்டுவது கடினம், கிலோவைக் குறைப்பது சுலபம் என்று இளம் வீரர்கள் பட்டினி கிடக்கிறார்கள். எரிப்பதற்கேற்ப உண்ணாவிட்டால் உடல் ஹார்மோன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்குத் தனிப்பெயரே வைத்து எச்சரித்தது. சைக்கிளில் ஆபத்து இரட்டிப்பு. காலைக் காக்கும் அதே மோதலின்மை எலும்புக்குக் கேடு. சுமையும் அதிர்வும் படாத எலும்பு அடர்த்தி பெறாது.

நம் ஊரிலும் 200, 300, 600 கிலோமீட்டர் என்று நெடுந்தூரம் மிதிக்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல விரும்புவது இதுதான்: வாரம் இரண்டு நாளாவது கயிறு தாண்டுங்கள், எடை தூக்குங்கள். வண்டியில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் வயிறாரச் சாப்பிடுங்கள். மாதவிடாய் தவறினாலோ, எலும்பு வலி நாள்பட்டாலோ, அடுத்த பந்தயத்துக்குப் பதிவு செய்யும் முன் மருத்துவரைப் பாருங்கள்.