நரம்பணுவின் வாயிலடைக்கும் அயனி: மறதிநோய் மாத்திரை செயல்படும் விதம்

ஆல்சைமர் மறதிநோய்க்கு மெமன்டைன் மாத்திரை உட்கொள்வோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா இது: “இரண்டு மாதமாகக் கொடுக்கிறோம், அப்பாவுக்கு நினைவு திரும்பவில்லை. நிறுத்திவிடலாமா?” இதற்கு விடை காண, அம்மாத்திரை மூளையில் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இயற்கை அமைத்த அடைப்பு

ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பக் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. அதைப் பெறும் அணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான என்எம்டிஏ ஏற்பியின் நடுவே, அயனிகள் கடந்து செல்லும் நுண்ணிய வழி உண்டு. அணு ஓய்ந்திருக்கையில் அதன் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டிருக்கும். ஆகவே நேர்மின்னேற்றமுடைய மெக்னீசியம் அயனி உள்நோக்கி ஈர்க்கப்பட்டு, முழுவதும் கடக்க இயலாமல் இடைவழியில் தங்கி அதை அடைத்துவிடுகிறது. இவ்வுண்மை 1984ஆம் ஆண்டில் ஆய்வுகளால் வெளிப்பட்டது.

வலுவான செய்தி வந்து சேரும்போது உட்புறத்தின் எதிர்மின் தன்மை குறைகிறது, மெக்னீசியம் விலகுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. கற்பதற்கும் நினைவில் பதிப்பதற்கும் இந்நிகழ்வு அடிப்படையாகும்.

நோயில் நிகழ்வது

ஆல்சைமர் நோயில் குளுட்டமேட்டின் தூண்டுதல் ஓயாமல் நீடிப்பதாகக் கருதப்படுகிறது. அதனால் மெக்னீசியத்தின் பிடி தளர்ந்து, கால்சியம் இடைவிடாது கசிகிறது. இரைச்சல் மிகுந்த கூடத்தில் மெல்லிய குரல் கேளாததுபோல உண்மையான செய்தி அமிழ்ந்துபோகிறது; அணுவும் நாளடைவில் நலிகிறது.

மெமன்டைன் அதே வழியில் மெக்னீசியத்தைவிடச் சற்று உறுதியாக அமர்ந்து கசிவைத் தடுக்கிறது. வலுவான செய்தி வரும்போது விரைவில் விலகிக்கொள்கிறது. நோயின் நடுநிலை, முற்றிய நிலைகளில் இது பரிந்துரைக்கப்படுகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

இம்மருந்து அழிந்த நரம்பணுக்களை மீட்பதில்லை; நோயைக் குணப்படுத்துவதுமில்லை. உண்ணல், உடுத்தல், பேசுதல் ஆகிய திறன்களின் சரிவைச் சிலருக்குச் சில காலம் மந்தப்படுத்தலாம். ஆதலின், “மாற்றமே இல்லை” என்பதும் ஒருவகைப் பயனாக இருக்கக்கூடும். மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் நிறுத்தாதீர்கள்.

வழக்கமாக நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக 20 மில்லிகிராம் வரை உயர்த்துவோம். தலைச்சுற்றல், தலைவலி, மலச்சிக்கல், குழப்பம் ஆகியவை தோன்றினால் தெரிவியுங்கள். சிறுநீரகக் குறைபாடு இருப்பின் அளவைக் குறைக்க நேரிடும்.

இருமல் மருந்துகள் சிலவற்றில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இதே ஏற்பியை அடைப்பதாகும். ஆகவே கடையில் கேட்டு வாங்குமுன் எங்களிடம் வினவுங்கள். மெக்னீசியம் மாத்திரை மெமன்டைனுக்கு மாற்றாகாது; சிறுநீரக நோயுள்ளோர்க்கு அது கேடும் விளைவிக்கலாம்.

அடுத்த முறை வருகையில், அவரால் இன்னும் தாமே செய்ய முடிகின்ற செயல்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மருந்தைத் தொடர்வதா என்பதை அக்குறிப்பைக் கொண்டே நாம் சேர்ந்து முடிவு செய்வோம்.